பரதேசி என்று யாரைச் சொல்லுகிறோம்?



சென்ற மாதம் சபை மூப்பர்கள் கூட்டத்தில் ஒரு காரியம் பேசப்பட்டது. ராஜபாளையம், ஸ்ரீவில்லிபுத்தூர் சுற்றிலுமுள்ள நூல் மில்களில் வேலை செய்கிற வடமாநிலத் தம்பிமார் நம்முடைய ஞாயிறு ஆராதனைக்கு வர ஆரம்பித்து நான்கைந்து வருஷம் ஆகிறது. முதலில் இரண்டு பேர்தான் வந்தார்கள். இப்போது இருபது பேருக்குக் குறையாமல் கடைசி இரண்டு வரிசையில் உட்காருகிறார்கள். இவர்களுக்கென்று மத்தியானம் இரண்டு மணிக்குத் தனியாக ஒரு கூட்டம் வைத்துவிடலாமா என்பது கேள்வி.

"பிரசங்கம் அவங்களுக்கும் புரியல, மொழிபெயர்த்தா நமக்கும் நேரம் போகுது. தனியா வச்சிட்டா ரெண்டு பேருக்கும் நல்லது" என்றார் ஒரு சகோதரர். "தனியா வச்சா தனியாவே போயிருவாக, பாத்துக்கோங்க" என்றார் இன்னொருவர். ஒரு மணி நேரம் பேசியும் முடிவாகவில்லை. பாஸ்டர் ஐயா என் பக்கம் திரும்பி, "அண்ணாச்சி, நீங்கதான் சிலோன்ல இருந்து வந்தவுக. இதை ஒரு பாடமா பத்திரிகையில எழுதுங்களேன்" என்றார்கள். அதனால் எழுதுகிறேன். நான் படித்தவன் அல்ல. முப்பத்தொன்பது வருஷம் ஸ்பின்னிங் மில்லில் இருந்தவன். கடைசிப் பதினைந்து வருஷம் மேஸ்திரி. என் மகள் மதுரையில் சைக்காலஜி எம்.ஏ. படித்தபோது வீட்டில் உட்கார்ந்து எனக்கு வாசித்துச் சொன்ன காரியங்கள் சில உண்டு. அவற்றையும் என் ஜீவியத்தில் கண்டதையும் சேர்த்து எழுதுகிறேன்.

முதலில் அந்தச் சொல்லைக் கவனியுங்கள். வேதத்தில் பரதேசி என்றால் வேறு தேசத்திலிருந்து வந்து தங்குகிறவன் என்றுதான் அர்த்தம். ஆபிரகாம் பரதேசி, மோசே பரதேசி. ஆனால் இன்றைக்கு ராஜபாளையம் பஸ் ஸ்டாண்டில் ஒருவனைப் பார்த்து "போடா பரதேசி" என்றால் சண்டை வந்துவிடும். ஊர் விட்டு ஊர் வந்தவன் என்ற சொல் எப்படி வசவுச் சொல் ஆயிற்று? அந்தச் சொல்லை நம்முடைய வாய்தான் அப்படி ஆக்கியது.

நான் பிறந்தது 1965-ல், இலங்கையில் அட்டன் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்து லயத்தில். 1948-ல் வந்த குடியுரிமைச் சட்டத்தால் எங்கள் ஜனங்கள் எந்த நாட்டுக்கும் சொந்தமில்லாதவர்களாக ஆகிவிட்டார்கள். 1964 அக்டோபர் 30-ல் சாஸ்திரியும் ஸ்ரீமாவோ பண்டாரநாயக்க அம்மையாரும் ஒப்பந்தம் போட்டார்கள். 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு, மீதிப் பேரைப் பற்றி அப்புறம் பேசிக்கொள்ளலாம் என்று. ஜனங்களைச் சாக்கு மூட்டை மாதிரி எண்ணிப் பிரித்தார்கள் என்று என் அப்பா சொல்லுவார். அதில் எங்கள் குடும்பத்துக்கு விழுந்த சீட்டு இந்தியா.

1976-ல் புறப்பட்டோம். அங்கே ரயிலைக் கோச்சி என்போம். எங்களை ஏற்றிப் போன கோச்சிக்கு அழுகைக் கோச்சி என்றே பெயர் வைத்திருந்தார்கள். தலைமன்னாரில் கப்பல் ஏறி ராமேஸ்வரத்தில் இறங்கி, மண்டபம் முகாமில் சில நாள் இருந்தோம். மறுவாழ்வுத் திட்டத்தில் சிலருக்குக் கடன் கொடுத்தார்கள், சிலரை நீலகிரித் தேயிலைத் தோட்டத்துக்கு அனுப்பினார்கள், சிலருக்கு நூல் மில்லில் வேலை. என் அப்பாவுக்கு மில் வேலை. அப்படித்தான் இந்தப் பக்கம் வந்தோம்.

அப்பா வழியெல்லாம், "சொந்த ஊருக்குப் போறோம்டா, நம்ம பாஷை பேசுற ஊரு" என்று சொல்லிக்கொண்டே வந்தார். வந்த முதல் வாரம் அம்மா என்னைக் கடைக்கு அனுப்பினார்கள். "ஒரு பாண் குடுங்க" என்று கேட்டேன். கடைக்காரருக்குப் புரியவில்லை. பான் பீடாவா என்றார். பன்னா என்றார். நான் கையால் நீளமாகக் காட்டினேன். "அடேய், ரொட்டிடா! சிலோன்காரனா நீ?" என்று சொல்லி, அங்கே நின்ற நாலு பேரிடமும் "பாண் வேணுமாம் பாண்" என்று என்னைப் போலவே பேசிக் காட்டினார். எல்லாரும் சிரித்தார்கள். அவர் கெட்டவர் அல்ல. ஒரு முறுக்குகூடச் சும்மா கொடுத்தார். ஆனால் பதினோரு வயசுப் பையனுக்கு அந்தச் சிரிப்பு எவ்வளவு தூரம் உள்ளே போகும் என்று அவருக்குத் தெரியாது. அங்கே எங்களைக் கள்ளத்தோணி என்றார்கள், இங்கே சிலோன்காரன் என்றார்கள். அதன்பின் பல மாதம் நான் கடைக்குப் போனால் வாயைத் திறக்காமல் விரலைத்தான் காட்டுவேன்.

இதற்கு ஒரு பெயர் உண்டு என்று பின்னால் மகள் சொன்னாள். கலெர்வோ ஓபெர்க் என்ற மானிடவியல் அறிஞர் 1950-களில் இதைக் கல்ச்சர் ஷாக் என்று விவரித்தார். புது ஊருக்கு வந்தவனைச் சோர்ந்துபோகச் செய்வது பெரிய கஷ்டங்கள் மட்டும் அல்லவாம். எப்போது வணக்கம் சொல்வது, எப்போது சிரிப்பது, ஒருவன் சொன்னது கேலியா நிஜமா என்கிற சின்னச் சின்ன அடையாளங்கள் கையைவிட்டுப் போய்விடுகின்றன. வந்த புதிதில் எல்லாம் அதிசயமாக இருக்கும். கொஞ்ச மாதம் கழித்துத்தான் மனசு இறங்கும். ஆகையால் நம்முடைய தம்பிகளில் ஒருவன் மூன்றாம் மாதம், நான்காம் மாதம் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு இருந்தால் "பெருமை பிடிச்சவன்" என்று தீர்த்துவிடாதீர்கள். நானும் அப்படித்தான் இருந்தேன்.

இப்போது பாடத்துக்கு வருகிறேன். கனடா தேசத்தில் ஜான் பெர்ரி என்று ஒரு மனோதத்துவ அறிஞர். பல தேசத்து ஜனங்கள் கலந்து வாழ்வதையே நாட்டின் கொள்கையாகக் கனடா 1971-ல் அறிவித்தது. அப்படிப்பட்ட தேசத்தில் இருந்துகொண்டு அவர் இதை ஆராய்ந்தார். இடம் பெயர்ந்து வந்த ஒவ்வொருவன் முன்னாலும் இரண்டு கேள்வி நிற்கிறது என்றார். நான் கொண்டுவந்ததை வைத்துக்கொள்வதா, விடுவதா? இந்த ஊர் ஜனங்களோடு சேருவதா, வேண்டாமா? இரண்டு கேள்விக்கும் சொல்லுகிற பதிலைப் பொறுத்து வழிகள் நான்கு.

இந்த நான்கையும் நான் புஸ்தகத்தில் தேட வேண்டியதில்லை. எங்கள் வீட்டிலேயே இருந்தது. அப்பா ஒதுங்கி வாழ்ந்தார். மில் விட்டு வந்தால் இலங்கை வானொலியைப் போட்டுக்கொண்டு உட்காருவார். பேச்செல்லாம் சிலோனிலிருந்து வந்தவர்களோடு மட்டும். சாகும்வரை இந்த ஊரை "இவங்க ஊரு" என்றுதான் சொன்னார். என் அண்ணன் நேர் எதிர். ஒரே வருஷத்தில் பேச்சை மாற்றிக்கொண்டான். சிலோன் என்ற வார்த்தையையே எடுக்கமாட்டான். யார் கேட்டாலும் பக்கத்துக் கிராமம் ஒன்றின் பெயரைச் சொல்லுவான். கலியாணப் பேச்சின்போது பெண் வீட்டாரிடமும் அப்படியே சொல்லி, பிறகு அது தெரியவந்து, பெரிய வருத்தம் ஆயிற்று. ஊரோடு கரைந்துபோனவன்தான், ஆனால் எந்நேரமும் யாராவது கண்டுபிடித்துவிடுவார்களோ என்ற பயத்தோடு இருந்தான். சித்தப்பா ஒருவர் பழையதையும் விட்டுவிட்டார், புதியதிலும் சேரவில்லை. அவரைப் பற்றி அதிகம் எழுத மனசு வரவில்லை. சாராயக் கடை வாசலில் அவரைத் தூக்கி வந்த நாட்கள் உண்டு.

அம்மா மட்டும் இரண்டையும் பிடித்துக்கொண்டார்கள். தெருப் பெண்களோடு குழாயடியில் சண்டையும் போடுவார்கள், அவர்களுக்குத் தேங்காய்ச் சம்பல் அரைத்தும் கொடுப்பார்கள். இந்த ஊர்ப் பருத்திப்பால் செய்யக் கற்றுக்கொண்டார்கள், லயத்துப் பாட்டையும் விடவில்லை. இதைத்தான் பெர்ரி இணைந்து வாழ்வது என்கிறார். அவரும் அவருடைய கூட்டாளிகளும் 13 நாடுகளில் குடியேறிகளின் பிள்ளைகளைப் பற்றி ஆராய்ந்து 2006-ல் வெளியிட்டார்கள். பொதுவாக, இரண்டையும் பிடித்துக்கொண்ட பிள்ளைகள்தான் மனசிலும் படிப்பிலும் நன்றாயிருந்தார்கள் என்று கண்டார்கள்.

வேதம் வாசிக்கிற நமக்கு இது புதிதல்ல. தானியேல் பாபிலோனில் கல்தேயருடைய எழுத்தையும் பாஷையையும் கற்றான். பெல்தெஷாத்சார் என்ற பெயருக்கும் பதில் கொடுத்தான். ராஜாவின் அரமனையில் வேலை பார்த்தான். ஆனால் சாப்பாட்டில் விட்டுக்கொடுக்கவில்லை, ஜெபத்தில் விட்டுக்கொடுக்கவில்லை. எதை விடலாம், எதை விடக்கூடாது என்று அவனே தெரிந்துகொண்டான். யோசேப்பைப் பாருங்கள். எகிப்தியப் பெயர், எகிப்திய மனைவி, எகிப்திய உத்தியோகம். மூத்த மகனுக்கு, தகப்பன் வீட்டையும் வருத்தத்தையும் மறக்கப்பண்ணினார் என்ற பொருளில் மனாசே என்று பெயரிட்டான். ஆனால் அந்தப் பெயர் எபிரெயப் பெயர்! மறந்துவிட்டேன் என்பதைக்கூடத் தாய்மொழியில்தான் சொல்ல வந்தது அவனுக்கு. இதை வாசிக்கும்போதெல்லாம் எனக்கு என் அண்ணன் ஞாபகம் வரும். கடைசி நாட்களில் ஆஸ்பத்திரியில் அவன் அம்மாவிடம் கேட்டது, சம்பலும் பாணும்.

பெர்ரி இன்னொன்றும் சொல்லுகிறார், இதுதான் நம் சபைக்கு முக்கியம். வழியைத் தெரிந்துகொள்வது வந்தவனுடைய கையில் மட்டும் இல்லை. ஊர்க்காரன் கதவைத் திறந்தால்தான் அவன் உள்ளே வரமுடியும். அவனாகத் தன் ஜனத்தோடு தனியே கூடினால் அது ஒதுங்கி வாழ்வது. நாம் அவனைத் தனியே உட்காரவைத்தால் அது ஒதுக்கிவைப்பது. வெளியிலிருந்து பார்த்தால் இரண்டும் ஒரே மத்தியானக் கூட்டம்தான், ஒரே பாய், ஒரே மைக். உள்ளே இரண்டும் வேறு வேறு. எகிப்தில் யோசேப்பு வீட்டு விருந்தில் எகிப்தியருக்குத் தனிப் பந்தி, எபிரெயருக்குத் தனிப் பந்தி போட்டதை ஆதியாகமம் 43-ல் வாசிக்கிறோம். அந்தப் பந்தியை எபிரெயர் கேட்டு வாங்கவில்லை.

நம்ம ஊர் இதைக் கற்காத ஊர் அல்ல. ராஜபாளையத்து ராஜுக்கள் விஜயநகரக் காலத்தில் தெலுங்கு நாட்டிலிருந்து வந்தவர்கள். இத்தனை நூற்றாண்டு கழித்தும் வீட்டுக்குள் தெலுங்கு, வெளியே தமிழ். 1936-ல் இங்கே மில் தொடங்கியவர் பி.ஏ.சி. ராமசாமி ராஜா. இந்த ஊர் பி.எஸ். குமாரசாமி ராஜா 1949 முதல் 1952 வரை சென்னை மாகாணத்துக்கே முதலமைச்சராயிருந்தார். ஸ்ரீவில்லிபுத்தூர் ஆண்டாள் கதையைத் தெலுங்கில் காவியமாக எழுதினவர் விஜயநகரத்துக் கிருஷ்ணதேவராயர். வந்தவர்களாலும் இருந்தவர்களாலும் சேர்ந்து உண்டான ஊர்கள் இவை. ஒரு சின்ன விஷயம் சொல்லட்டுமா? குமாரசாமி ராஜா முதலமைச்சர் பதவிக்குப் பிறகு கவர்னராகப் போனது ஒரிசாவுக்கு. நம்ம ஊர்க்காரர் அங்கே கவர்னர், அந்த ஊர்ப் பிள்ளை இங்கே சைடர். போக்குவரத்து இரண்டு பக்கமும் இருந்திருக்கிறது.

இனி என் தப்பை எழுதவேண்டும்.

2022-ல் எங்கள் மில்லுக்கு ஒரு தம்பி வந்தான். ஒடிசாவில் கஜபதி மாவட்டம். ரிங் ஃபிரேமில் என் ஷிப்ட்டில் போட்டார்கள். கிறிஸ்தவப் பிள்ளை என்று தெரிந்து நான்தான் சபைக்குக் கூட்டி வந்தேன். வேலையைச் சீக்கிரம் கற்றுக்கொண்டான், தமிழையும் அரைகுறையாகக் கற்றான். நூல் அறுந்துவிட்டது என்று சொல்ல வராமல், "மேஸ்திரி அண்ணா, நூல் செத்துப்போச்சு" என்பான்.

2023 தொடக்கத்தில் ஒரு ஞாயிறு, ஆராதனை முடிந்து அன்பின் விருந்து. பத்துப் பதினைந்து பேர் சுற்றி இருக்க, நான் அவனைப் போலவே பேசிக் காட்டினேன். "நூல் செத்துப்போச்சாம்! மாலை வாங்கிட்டு வாங்கப்பா!" எல்லாரும் சிரித்தார்கள். அவனும் சிரித்தான். இலையை மூடிவிட்டு எழுந்து போனான். அடுத்த வாரம் வரவில்லை, அதற்கடுத்த வாரமும் வரவில்லை. மில்லில் பார்த்தால் தலையை மட்டும் ஆட்டுவான். நூல் அறுந்தால் என்னைக் கூப்பிடாமல் விரலைக் காட்டினான்.

அந்த விரலைப் பார்த்தபோதுதான் எனக்கு உறைத்தது. அது என்னுடைய விரல். நாற்பத்தேழு வருஷத்துக்கு முன்னால் நான் கடையில் காட்டின விரல். பாண் என்று சொல்லிச் சிரித்த கடைக்காரரை நான் மனசில் எத்தனை தரம் நியாயந்தீர்த்திருப்பேன்! கஷ்டப்பட்டவன் இன்னொருத்தன் கஷ்டத்தைத் தானாகப் புரிந்துகொள்வான் என்று நினைக்கிறோம். அப்படி நடப்பதில்லை. நானும் இந்த ஊர்க்காரன்தான் என்று காட்டிக்கொள்ள, புதிதாய் வந்தவனைப் பார்த்துச் சிரிப்பதே சுலபமான வழியாயிருக்கிறது.

அந்தச் சமயத்தில்தான், 2023 மார்ச்சில், தமிழ்நாட்டில் பீகார்த் தொழிலாளரை அடிக்கிறார்கள் என்று பொய்யான வீடியோக்கள் பரவின. வேறெங்கோ, வேறு காரணத்துக்காக நடந்தவற்றை எடுத்துப் போட்டிருந்தார்கள். போலீஸும் அரசும் மறுத்தார்கள், பீகாரிலிருந்து அதிகாரிகள் குழுவே வந்து பார்த்துப் போயிற்று. ஆனாலும் அநேகர் பயந்து ரயில் ஏறிவிட்டார்கள். எங்கள் ஹாஸ்டலிலும் பத்துப் பேர் பெட்டியைக் கட்டிவிட்டார்கள். ஊரில் அவர்களுக்கு நெருங்கினவன் என்று ஒருத்தன் இருந்தால் "அப்படியெல்லாம் இல்லைப்பா" என்று அவன் சொல்வதை நம்புவார்கள். இல்லாதபோது செல்போனை நம்பினார்கள். அவர்களைக் குற்றம் சொல்வதில் என்ன இருக்கிறது?

என் தெருவில் தெலுங்கு பேசுகிற ஒரு அவ்வா இருக்கிறார்கள். நம் சபையைச் சேர்ந்தவர்கள் அல்ல. ஒருநாள் அந்தத் தம்பியை வழியில் பார்த்து ஏதோ கேட்டிருக்கிறார்கள், அவன் தெலுங்கில் பதில் சொல்லியிருக்கிறான்! கஜபதி மாவட்டம் ஆந்திர எல்லையில் இருக்கிறது, சந்தைக்குப் போனால் தெலுங்குதான். இவர்கள் தெலுங்குக்கும் அவன் தெலுங்குக்கும் ஏகப்பட்ட வித்தியாசம், ஆனாலும் ஓடிற்று. அவ்வா என்னிடம் வந்து சொன்னார்கள்: "ஏம்ப்பா மேஸ்திரி, அந்தப் பையன் வீட்டுல பேசுறது ஒரியாவே இல்லையாமே? சவரான்னு ஏதோ மலைப் பாஷையாம். ஒரியா பள்ளிக்கூடத்துல படிச்சதாம், தெலுங்கு சந்தையில, இந்தி ரயில்ல. தமிழு அஞ்சாவது பாஷையாம்ல! நீங்க அவனை இந்திக்காரன்னு கூப்பிடுறீகளாம்."

ஐந்து பாஷை பேசுகிறவனை, ஒரே பாஷை பேசுகிற நான் கேலி பண்ணியிருக்கிறேன். நம்முடைய கூட்டத்தில் ஒவ்வொருத்தனும் நமக்கு ஒவ்வொரு விதமாகத் தெரிகிறான். வெளிக்கூட்டமோ எல்லாம் ஒரே அச்சாகத் தெரிகிறது. மனோதத்துவக்காரர்கள் இதைப் பல பரிசோதனைகளில் கண்டிருக்கிறார்கள். பீகாரி, ஒரியாக்காரன், அஸ்ஸாம்காரன், சந்தாலி எல்லாரும் நமக்கு இந்திக்காரன். இலங்கையிலே யாழ்ப்பாணத்தாருக்கும் தோட்டத்தாருக்கும் உள்ள வித்தியாசத்தை யாராவது கேட்டார்களா? இரண்டும் சிலோன்தான்.

நான் போய் மன்னிப்புக் கேட்டேன். "பரவால்ல அண்ணா" என்றான். ஆனாலும் சபைக்கு வரவில்லை. மன்னிப்புக் கேட்டால் எல்லாம் சரியாகிவிடும் என்று நாம் சாட்சியில் சொல்லுவதுண்டு. உண்மையில் அது அவ்வளவு சீக்கிரம் நடக்கிற காரியம் அல்ல.

இந்த இடத்தில் ஒரு பரிசோதனையைச் சொல்லியாக வேண்டும். 1954-ல் அமெரிக்காவில் ஓக்லஹோமா பக்கம் ஒரு மலைக்காட்டில், முசாஃபர் ஷெரீஃப் என்ற துருக்கி தேசத்து அறிஞர் 22 பையன்களைக் கொண்டுபோய் இரண்டு கூட்டமாகப் பிரித்தார். எல்லாரும் பதினோரு வயசுப் பிள்ளைகள். போட்டி வைத்தார், கொடியை எரிக்கும் அளவுக்குப் பகை வந்துவிட்டது. பிறகு சேர்த்துவைக்கப் பார்த்தார். ஒன்றாகச் சாப்பாடு போட்டார், சினிமா காட்டினார். சாப்பாட்டையே எடுத்து ஒருவர்மேல் ஒருவர் எறிந்தார்கள்! சும்மா பக்கத்தில் உட்காரவைத்தால் அன்பு வராது. பிறகு முகாமுக்குத் தண்ணீர் வராதபடி செய்தார். இரண்டு கூட்டமும் சேர்ந்து தேடினால்தான் அடைப்பைக் கண்டுபிடிக்க முடியும். லாரி கிளம்பவில்லை என்றார். எந்தக் கயிற்றை வைத்து ஒருவரை ஒருவர் இழுத்துப் போட்டி போட்டார்களோ, அதே கயிற்றால் எல்லாரும் சேர்ந்து லாரியை இழுத்தார்கள். கொஞ்சம் கொஞ்சமாகப் பகை தணிந்தது. அதே 1954-ல் கார்டன் ஆல்போர்ட் என்ற பேராசிரியரும் எழுதினார்: இரண்டு கூட்டத்தார் சமமாக நின்று, ஒரே காரியத்துக்காகச் சேர்ந்து உழைத்து, பெரியவர்களும் அதை ஆதரித்தால்தான் பழகுவதால் நன்மை வரும் என்று.

நம்முடைய அன்பின் விருந்தை நினைத்துப் பாருங்கள். பரிமாறுகிறது யார்? நாம். உட்கார்ந்து வாங்கிச் சாப்பிடுகிறது யார்? அவர்கள். வருஷம் முழுக்க அப்படித்தான். அதில் அன்பு உண்டு, சமம் இல்லை.

2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் தூத்துக்குடி, திருநெல்வேலி ஜில்லாக்களில் பெய்த மழை உங்களுக்கு ஞாபகம் இருக்கும். காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர். நம் சபையார் ஸ்ரீவில்லிபுத்தூரில் ஒரு சகோதரர் வீட்டு முற்றத்தில் நிவாரணப் பொருள் கட்டினோம். ஆள் போதவில்லை என்று ஹாஸ்டலுக்குச் சொல்லி அனுப்பினேன். ஷிப்ட் முடிந்து எட்டுப் பேர் வந்தார்கள். அவனும் வந்தான்.

நாங்கள் அரிசி மூட்டையைப் பிரித்து ஐந்து ஐந்து கிலோவாகக் கட்டிக்கொண்டிருந்தோம். அவன் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டே நின்றான். பிறகு என்னிடம் வந்து, "அண்ணா, அரிசி வேண்டாம். சூடா அனுப்பு" என்றான்.

"சூடா எப்படிப்பா அனுப்புறது? போய்ச் சேர ராத்திரி ஆயிரும், ஊசிப்போயிரும்" என்றேன்.

"இல்ல அண்ணா, சூடா! சூடா!" என்று தலையில் அடித்துக்கொண்டான். யாருக்கும் விளங்கவில்லை. சிரிக்க ஆரம்பித்த ஒரு வாலிபனை நான் ஒரு பார்வை பார்த்தேன். அவ்வாவுக்குப் போன் போட்டேன். அவன் பேசினான், பிறகு அவ்வா என்னிடம் பேசினார்கள். "அட்டுகுலுங்கான். அவல்ப்பா, அவல்! அவுக ஊர்ல அதுக்கு சூடான்னு பேராம். அவலும் வெல்லமும் அனுப்பச் சொல்றான். தண்ணி நிக்கிற வீட்டுல அடுப்பை எங்க மூட்டுவாகன்னு கேக்கான்."

முற்றம் முழுவதும் அமைதியாகிவிட்டது. முப்பது பேர் காலையிலிருந்து கட்டுகிறோம். ஒருத்தருக்கும் அது தோன்றவில்லை. அவனுக்குத் தோன்றிற்று. 2018 அக்டோபரில் தித்லி புயல் கஜபதி மலைகளைச் சரித்துக்கொண்டு போனபோது அவனுக்குப் பதினேழு வயசு. ஒடிசாவில் புயல் வந்தால் முதலில் கைக்கு வருவது அவலும் வெல்லமும்தான் என்றான். தீப்பெட்டியையும் மெழுகுவர்த்தியையும் பிளாஸ்டிக் பையில் போட்டு இரண்டு முடிச்சுப் போடவேண்டும் என்று கட்டிக் காட்டினான். குழந்தைத் துணி வேண்டும் என்றான். அன்றைக்கு சாயங்காலம் வரைக்கும் அவன் சொல்லச் சொல்ல நாங்கள் கட்டினோம். என்னுடைய வாலிபப் பிள்ளைகள், "அண்ணா, இது சரியா?" என்று அவனிடம் கொண்டுபோய்க் காட்டினார்கள். மேஸ்திரியாகிய நானும்தான் காட்டினேன்.

அடுத்த ஞாயிறு சபைக்கு வந்தான். கூட நான்கு பேர்.

ஒரு காரியத்தைச் சேர்த்துச் சொல்லுகிறேன். 1930-களின் தொடக்கத்தில் அமெரிக்காவில் சீனர் என்றாலே வெறுப்பு. லாப்பியேர் என்ற பேராசிரியர் ஒரு சீனத் தம்பதியரோடு ஊர் ஊராகப் பயணம்செய்தார். 251 ஓட்டல், விடுதிகளில் ஒரே ஒரு இடத்தில்தான் இடமில்லை என்றார்கள். பிறகு, சீனர் வந்தால் சேர்ப்பீர்களா என்று அதே இடங்களுக்குக் கடிதம் எழுதினார். பதில் போட்டவர்களில் பத்துக்கு ஒன்பது பேர் சேர்க்கமாட்டோம் என்றார்கள். காகிதத்தில் கடினம், நேரில் தயவு. நாமோ சபையில் இதைத் தலைகீழாக்கி வைத்திருக்கிறோம் என்று எனக்குப் படுகிறது. போர்டில் பெரிய எழுத்தில் அனைவரும் வருக. உள்ளே கடைசி இரண்டு வரிசைக்கும் நமக்கும் நடுவில் ஒரு வரிசை எப்போதும் காலி. அடுத்த ஞாயிறு கவனித்துப் பாருங்கள்.

மத்தியானக் கூட்டம் வேண்டுமா வேண்டாமா என்றால், நான் வேண்டாம் என்று சொல்லமாட்டேன். தாய்மொழியில் அழுது ஜெபிக்க ஒரு இடம் எல்லாருக்கும் வேண்டும். என் அப்பாவுக்கு இலங்கை வானொலி வேண்டியிருந்தது போல. தவறு வானொலியில் இல்லை, அதைவிட்டால் அவருக்கு வேறு வாசல் திறக்காமற்போனதில் இருந்தது. ஆகவே மத்தியானம் அவர்கள் கேட்டால் நடக்கட்டும், காலையும் நடக்கட்டும். காலை ஆராதனையில் ஒரு வேதவாசிப்பு அவர்களில் ஒருவர் செய்யட்டும். விருந்தில் மாதம் ஒருமுறை அவர்கள் சமைக்கட்டும், நாம் உட்காருவோம். அவர்கள் ஊரிலும் நம்ம பழையசோறு மாதிரி ஒன்று உண்டு, பகாளா என்கிறார்கள். நான் சாப்பிட்டிருக்கிறேன், தயிரும் வறுத்த மிளகாயும் வைத்து, வெயில் காலத்துக்கு அமிர்தம்.

எருசலேம் சபையில் கிரேக்க பாஷை பேசின விதவைகளைப் பந்தி விசாரிப்பில் விட்டுவிட்டார்கள் என்று முறுமுறுப்பு வந்ததை அப்போஸ்தலர் 6-ல் வாசிக்கிறோம். உடனே ஏழு பேரைத் தெரிந்தெடுத்தார்கள். அந்த ஏழு பெயரையும் வாசித்துப் பாருங்கள், ஸ்தேவான் முதல் நிக்கொலா வரைக்கும் அத்தனையும் கிரேக்கப் பெயர். குறை சொன்ன பக்கத்தாரிடமே சாவியைக் கொடுத்திருக்கிறார்கள்.

சென்ற மாதக் கூட்டத்தில் ஒரு மணி நேரம் பேசினோம் என்றேன் அல்லவா? இருபது பேரைப் பற்றிப் பேசின அந்த அறையில் அவர்களில் ஒருவர்கூட இல்லை. உங்களுக்கு என்ன வேண்டும் என்று நாங்கள் கேட்கவே இல்லை. இதைப் பாஸ்டர் ஐயாவிடம் சொன்னேன். அடுத்த கூட்டத்துக்கு மூன்று பேரைக் கூப்பிடச் சொல்லிவிட்டார்கள். அந்தத் தம்பியும் வருகிறான். பேச்சு தட்டினால் என்ன செய்வது என்று அவ்வாவிடம் போய், "கொஞ்சம் வந்து உக்காருவீங்களா?" என்று கேட்டேன்.

"உங்க சபைக்கா? பிரசங்கம் பண்ணுவீகளா?"

"இல்லம்மா, மூப்பர் கூட்டந்தான்."

"காபி உண்டா?" என்றார்கள். உண்டு என்று சொல்லியிருக்கிறேன்.